தேர்தல் முடிந்துவிட்டது

தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். ஞானமுத்துவின் துப்பாக்கி அங்கே இருந்த மூன்று மாதமும் அவர் மனைவி ரெஜினா நன்றாகத் தூங்கினாள். மகன் விபத்தில் போனபின் அவர் வங்கிக் காவல் வேலைக்குப் போகவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால்கூடப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். துப்பாக்கி வீட்டில் இருந்தவரை அதைப் பீரோவில் பூட்டி, சாவியைத் தினம் ஒரு டப்பாவில் ஒளித்துவைப்பாள். சாவி எங்கே என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

இன்று திருப்பி வாங்க அழைத்திருந்தார்கள். அவளும் கூடவே வந்தாள்.

“இங்கயே இருக்கட்டுமே சார்,” என்றாள்.

“இதென்ன லாக்கராம்மா?” என்றார் ஏட்டு. “வேண்டாம்னா கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுங்க. உத்தரவு வர்ற வரைக்கும் உங்க வீட்லதான் இருக்கணும்.”

ஞானமுத்து கையெழுத்துப் போட்டார். பழைய போர்வையில் சுற்றிய துப்பாக்கி மேசைமேல் கிடந்தது. பதினோரு வருடம் அதைத் தோளில் சுமந்தவர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“அடுத்த எலெக்‌ஷன் எப்பம் சார்?”

“ஏன் அண்ணாச்சி, நிக்கப் போறீகளா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“உள்ளாட்சித் தேர்தல் வருமுல்லா? அதுக்கும் வாங்கி வச்சுக்கிடுவீகள்ல?”

ஏட்டு தலைநிமிர்ந்து ரெஜினாவைப் பார்த்தார். இத்தனை நாளும் தான் மட்டுமே பயந்துகொண்டிருந்ததாக அவள் நினைத்திருந்தாள்.