தனியா நிக்கிற குறி

"யாரு பண்ணின வேலை இது? இப்பவே சொல்லியாகணும்!"

டீச்சர் மேஜை மேல ஸ்கேலால ஒரு போடு போட்டாங்க. மூணாம் கிளாஸ் மொத்தமும் தலையைக் குனிஞ்சுக்கிச்சு.

கடைசி பெஞ்சில, முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருந்தாங்க இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த மேடம். குட்டிப் பசங்க பெஞ்சு இல்லையா, உட்கார்ந்தா லேசுல எழுந்திரிக்க முடியாது. எங்க சம்பந்தியம்மா ஒரு தடவை அப்படி மாட்டிக்கிட்டு, ரெண்டு வாத்தியார் வந்து தூக்கிவிட வேண்டியதாப் போச்சு. சரி, அது கிடக்கட்டும்.

டீச்சருக்கு இன்னிக்கு வாழ்வா சாவா. போன இன்ஸ்பெக்ஷன் சொதப்பல். இதுவும் சொதப்பினா வேலையை விட்டே அனுப்பிடுவாங்க. அதனாலதான் நேத்தே பசங்களை வச்சு ஒத்திகை பார்த்தாங்க.

பாடம் லைன் பிளாட், அதாவது கோட்டு மேல குறி போட்டு எண்ணிப் பார்க்கிற கணக்கு. ஒண்ணும் பிரமாதமில்ல. போர்டுல நீளமா ஒரு கோடு, அதுக்குக் கீழ ஒண்ணுலேர்ந்து ஏழு வரைக்கும் நம்பர். ஒவ்வொரு பிள்ளையும் தன் பென்சிலை அளந்து, எத்தனை இன்ச்சோ அந்த நம்பருக்கு மேல ஒரு பெருக்கல் குறி போடணும். ஒரே அளவு வந்தா குறி மேல குறி ஏறும். அதைப் பார்த்துட்டு ஒரு பையனோட அப்பா, "என்ன டீச்சர், எல்லாக் கணக்கும் தப்பா?"ன்னு பதறிட்டாராம்!

நேத்து எல்லாம் அழகாத்தான் வந்துது. அஞ்சுக்கு மேலயும் ஆறுக்கு மேலயும் குறிங்க கோபுரமா ஏறி நின்னுது. ஒண்ணுக்கு மேல மட்டும் ஒரே ஒரு குறி.

"தனியா நிக்கிற இந்தக் குறி என்ன சொல்லுது?"ன்னு கேட்டாங்க டீச்சர்.

"அது சிட்டுவோடது டீச்சர்! மூக்குத்தி பென்சில்!"

கத்தினது முதல் பெஞ்சு வாயாடி. கிளாஸே கொல்லுன்னு சிரிச்சுது.

சிட்டுவோட பென்சில் அக்கா எழுதித் தேய்ச்சு, அண்ணன் கடிச்சுக் குதறி, அப்புறம் இவ கைக்கு வந்தது. பிடிக்க இடமில்லாம பின்னாடி ஒரு சிவப்புப் பேனா மூடியைச் சொருகி வச்சிருப்பா. மூடியைக் கழட்டி அளந்தா ஒரு இன்ச். டெஸ்க்குல முகத்தைக் கவுத்துக்கிட்டவ, பெல் அடிக்கிற வரைக்கும் நிமிரவே இல்ல.

டீச்சர் ஒரு வார்த்தை சமாதானம் சொல்லணுமே? ம்ஹூம். "சிரிச்சது போதும், அடுத்த கேள்வி"ன்னு போயிட்டாங்க.

"கல்லு மனசுப்பா நம்ம டீச்சருக்கு"ன்னு பசங்களே பேசிக்கிட்டாங்க.

இன்னிக்கு மேடம் முன்னாடி அதே பாடம். முதல் பிள்ளை வந்து அளந்துது.

"ஒண்ணு டீச்சர்."

அடுத்தது, "ஒண்ணு."

அதுக்கு அடுத்ததும், "ஒண்ணு."

டீச்சருக்கு வேர்த்துக் கொட்டுது. நேத்து கோபுரம் நின்ன இடம் காலி. தயார் பண்ணி வச்ச கேள்வியில ஒண்ணுகூட உதவாது.

"ரெண்டு டீச்சர்"னு முழிச்சான் ஒரு குண்டுப் பையன். "அதுக்குள்ள அம்மா ஷார்ப்னரைப் பிடுங்கிட்டாங்க."

"என்ன டீச்சர், உங்க கிளாஸ்ல எலி ஏதாவது புகுந்துடுச்சா?"ன்னு கேட்டாங்க மேடம். முகத்துல சிரிப்பில்ல.

அப்பத்தான் டீச்சர் ஸ்கேலால போட்டாங்க அந்தப் போடு.

வாயாடி மெதுவா எழுந்திரிச்சா. "நாங்க எல்லாரும்தான் டீச்சர்."

"எதுக்கு? என்னை வேலையை விட்டுத் துரத்தணும்னுதானே?"

"ஐயோ, இல்ல டீச்சர்! நேத்து சிட்டுவைப் பார்த்து முதல்ல சிரிச்சதே நான்தான். இன்னிக்குப் புது மேடம் வேற வராங்க. அவங்க முன்னாடி அவ குறி தனியா நிக்கக் கூடாதுன்னு... அவகிட்ட சொல்லாம எல்லாரும் வீட்டுல சீவிட்டோம்."

ஒரு முழு பென்சிலை ஒரு இன்ச்சுக்குச் சீவறது லேசுப்பட்ட வேலையா? வீட்டுக்கு வீடு திட்டு விழுந்திருக்கும்.

டீச்சர் ஸ்கேலைக் கீழ வச்சாங்க.

"சிட்டு, நீ மட்டும்தான் பாக்கி. வாம்மா."

சிட்டு வரும்போதே அழுதுக்கிட்டு வந்தா. கையை விரிச்சா. பளபளன்னு பச்சைக் கலர்ல புத்தம் புதுப் பென்சில்!

"பிரேயர் முடிஞ்சு வந்தா பாக்ஸ்ல இதுதான் இருந்துது டீச்சர். என்னோடதைக் காணோம். சத்தியமா நான் எடுக்கல டீச்சர்!"

"யாரும் உன்னைச் சொல்லல. அள."

ஏழு இன்ச். ஏழுக்கு மேல ஒரு குறி போட்டா.

"போச்சுடா! மறுபடியும் தனியாவா?"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா வாயாடி.

புதுசை வச்சது யாரு? பசங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தாங்க. எல்லாரும் உதட்டைப் பிதுக்கினாங்க.

மேடம் பெஞ்சிலேர்ந்து ஒரு வழியா தன்னைப் பிச்சுக்கிட்டு வந்தாங்க. போர்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு நின்னாங்க. டீச்சர் தலை நிமிரல.

"ஒரு குறின்னா ஒரு பிள்ளைன்னு இவங்களுக்கு நல்லாப் புரிஞ்சிருக்கு டீச்சர். இந்தக் கிளாஸ் உங்ககிட்டயே இருக்கட்டும். இப்பவே ரிப்போர்ட்ல எழுதிடறேன்."

பேனாவை உதறினாங்க, கீறினாங்க. "சே, நேரம் பார்த்து மக்கர் பண்ணுது. எழுதறதுக்கு ஏதாவது இருந்தா குடுங்க."

கண்ணைத் துடைச்சுக்கிட்டே டீச்சர் ஹேண்ட்பேக்குள்ள கையை விட்டு, கைக்கு அகப்பட்டதை எடுத்து நீட்டினாங்க.

சிவப்புப் பேனா மூடி சொருகின, ஒரு இன்ச் பென்சில்.