கடைசிப் பத்து நிமிடம்

டத்தோ கிராமாட்டில் ஒரு கடைவீட்டு மாடி. யூடியூப் சேனலுக்குச் சினிமா விமர்சகர் வேலை, அதற்கு நேர்காணல். பட்டம் வாங்கி இரண்டு வருடமாகிறது. இதுவும் போனால் பழைய வேலையிலேயே கிடக்க வேண்டும். மேசைக்கு அடியில் என் கால்கள் ஆடிக்கொண்டே இருந்தன.

"இந்த வருஷம் பிடிச்ச படம்?" என்றார் சேனலை நடத்தும் யுகேந்திரன்.

"மீனவர் படம். கடைசியில தன் படகையே கொளுத்துறான்ல, அதுக்காகவே."

"ஏமாத்தின படம்?"

"போலீஸ் படம்."

"அதுக்கு நாலு ஸ்டார் கொடுத்ததே நான்தான்லா."

"கடைசியில தங்கச்சிதான் கொலைகாரின்னு முடிக்கிறாங்க. கேவலம்."

"தங்கச்சியா?" என்றவர், சட்டென்று சிரித்துச் சமாளித்தார். "சரி, எல்லாத்துக்கும் முடிவையே சொல்றீங்க. ஆரம்பம் எப்படி இருந்துச்சு?"

என் கால்கள் நின்றன.

"ஆரம்பம் பார்த்ததில்லண்ணே. படம் முடிய பத்து நிமிஷம் இருக்கும்போதுதான் எங்களைத் துடைப்பத்தோட தியேட்டருக்குள்ள விடுவாங்க. கார் எடுக்க நெரிசலாயிடும்னு நீங்க அப்பதான் எழுந்து போவீங்க. போறப்ப பாப்கார்ன் டப்பாவை என் கையிலதான் கொடுப்பீங்க."