அத்தை இல்லாத வீடு

மைக்கைக் கையில் வாங்கியதும் காளியப்பன் முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார்.

செடெனாக் கோயில் மண்டபம். அவர் கோயில் தலைவராக இருந்தபோது கட்டியது. இன்று அதில் அவருடைய பேரன் வேலாயுதனுக்குக் காதுகுத்து.

பிள்ளை தாய்மாமன் விஜயனின் மடியில் உட்கார்ந்து, மொட்டைத் தலையில் சந்தனம் காய, ஆசாரியின் ஊசியைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தது.

காளியப்பன் பேரன் பிறந்த கதையைத் தொடங்கினார்.

எட்டு மாதம் நிறைவதற்குள் பிறந்த பிள்ளை. மருமகள் ஷாமளாவுக்கு இரத்த அழுத்தம் ஏறி, கொட்டும் மழையில் ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பிள்ளை ஈரக் கோழிக்குஞ்சு மாதிரி கிடந்தது. டாக்டர் எந்த உறுதியும் தரவில்லை. தாய்ப்பால் கிடைத்தால் நல்லது என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பாலைக் கொண்டுபோனது யார்? காளியப்பன்தான்.

ஷாமளா வீடு திரும்பிய பிறகும் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தது. குளிர்பெட்டியில் உறைந்து கிடக்கும் பால் பைகளை அவரே எடுத்து ஐஸ் பெட்டியில் அடுக்குவார். பஸ்ஸில் அதைத் தரையில் வைக்க மாட்டார். மடியில்தான். அலுங்காமல், சாமி விக்கிரகத்தைக் கொண்டுபோவது போல.

மகன் ரூபேந்திரன் இரவு வேலை முடிந்து நேரம் கழித்து வீடு வருவதைப் பற்றி அந்த நாட்களில் அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பிள்ளை நினைப்பில் எங்கேயாவது காரை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

டின் பால் ஒரு சொட்டு என் பேரன் வாயில் படவில்லை என்றார் மைக்கில். இந்த உடம்பில் ஓடுவது முழுக்க எங்கள் வீட்டுப் பால் என்றார்.

கை தட்டினார்கள்.

"மாமா, சீக்கிரம் லா. உங்க பேரனுக்கு மீசை மொளைச்சிடும்," என்றான் விஜயன். மண்டபம் சிரித்தது. காளியப்பனும் சிரித்தார்.

குருக்கள் ஆரத்தித் தட்டை எடுத்து, பிள்ளைக்கு அத்தை முறை யார், முன்னால் வரலாம் என்றார்.

சிரிப்பு அடங்கியது.

"எங்க வீட்டுல அத்தை இல்ல," என்றார் காளியப்பன். மைக் அதையும் மண்டபம் முழுக்கச் சொன்னது.

மகள் லோஷினி, ரயன் என்கிற வேதக்காரப் பையனைச் சர்ச்சில் கட்டிக்கொண்டு லாயாங் லாயாங் ஊருக்குப் போன நாளோடு அவள் பெயர் அந்த வீட்டில் நின்றுபோயிருந்தது. கூடத்துச் சுவரில் அவள் படம் இருந்த இடத்தில் கடிகாரம் மாட்டியாகிவிட்டது.

பேரன் பிறந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் நின்றுகொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. மாமா, நான் ரயன் என்றது குரல். அவ்வளவுதான், துண்டித்தார். நல்ல நேரத்தில் கேட்கக்கூடாத குரல். அப்படித் துண்டித்ததைப் பிறகு உறவுக்காரர்களிடம் பெருமையாகவே சொல்லியிருக்கிறார்.

இப்போது எல்லோரும் வாசலைப் பார்ப்பதை அவர் கவனித்தார். திரும்பினார்.

செருப்புகளுக்குப் பக்கத்தில் லோஷினி நின்றிருந்தாள். பின்னால் ரயன். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

ஊசி படுவதற்குள் அவர்களை அனுப்பிவிடு என்று மைக்கைத் தாழ்த்தி மகனிடம் சொன்னார். ரூபேந்திரன் நகரவில்லை.

ஷாமளாதான் எழுந்து வந்தாள். அவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசியறியாத மருமகள். அவர் காதருகே, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

"எனக்குப் பாலே வரல மாமா. ஒரு நாள்கூட வரல. நீங்க மடியில வச்சுத் தூக்கிட்டுப் போனதெல்லாம் லோஷினி அண்ணி குடுத்தது. உங்க மகன்தான் தினமும் ராத்திரி போய் வாங்கிட்டு வந்தாரு."



காளியப்பனுக்கு முதலில் வந்தது அவமானம். ஊரைக் கூட்டி வைத்து, எங்கள் வீட்டுப் பால் என்று சற்றுமுன் சொன்ன வாய் இது. மகனும் மருமகளும் சேர்ந்து தன்னை முட்டாளாக்கிவிட்டார்கள். கையிலிருந்த மைக்கை ஓங்கித் தரையில் அடிக்கலாம் போலிருந்தது.

அடிக்கவில்லை.

கோபத்தின் நடுவே ஏதோ ஒன்று இடறியது. ஷாமளாவுக்கு வராத பால் லோஷினிக்கு எப்படி வந்தது?

பிள்ளை பெற்றவளுக்குத்தானே பால் சுரக்கும்?

அவள் மாசமாக இருந்ததை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அந்த வீட்டுப் பேச்சை இங்கே எடுத்தால் என் பிணத்தைத்தான் பார்ப்பீர்கள் என்று சொல்லி வைத்திருந்தவர் அவர்.

அப்படியென்றால் வேலாயுதன் வயதில் இன்னொரு பிள்ளை இருக்க வேண்டும். அவர் இரத்தம். இந்நேரம் தத்தித் தத்தி நடக்கும்.

வாசலைப் பார்த்தார். லோஷினியின் இடுப்பில் பிள்ளை இல்லை. ரயனின் தோளிலும் இல்லை. செருப்புக் குவியலில் சின்னச் செருப்பு எதையோ அவர் கண் தேடியது.

தெரியாத எண். மாமா, நான் ரயன்.

முதுகு அவரை அறியாமல் வளைந்தது. குனிந்ததில் மைக் மறுபடி வாயருகே வந்ததை அவர் கவனிக்கவில்லை.

"ஒம் பிள்ள எங்கம்மா?"

மண்டபத்தின் நான்கு மூலையிலிருந்தும் அந்தக் கேள்வி திரும்பி வந்தது.

லோஷினி தன் வெறுங்கைகளைப் பார்த்தாள்.

ரயன் வாயைத் திறந்தான். அன்று சொல்ல வந்ததை இன்றும் அவனால் சொல்ல முடியவில்லை.