சாட்சி சொல்லும் நேரம்

இலுப்பைக்கடவைச் சபையின் தகரக் கூரையில் உள்ள ஆணித் துளைகளால் நண்பகல் வெயில் இறங்கி, முன்வரிசையில் இருக்கும் தேர்தல் வேட்பாளரின் வெள்ளைச் சட்டையில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. வெளியே அவருடைய வாகனம் நிறுத்தாமல் உறுமிக்கொண்டிருக்கிறது. சோபனாவின் கையில் ஒலிவாங்கி வழுக்குகிறது. பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானதற்காக அவள் இன்று கர்த்தருக்கு நன்றி கூறி, சபை முன்னால் சாட்சி சொல்ல வேண்டும். “ஐயாவைக் கொண்டுதான் கர்த்தர் உமக்குக் கம்பஸ் வாசலைத் திறந்தவர் எண்டு சொல்லும், பிள்ளை. அம்மான்ர பேரும் ஐயாவின்ர வீட்டுத்திட்ட லிஸ்ற்றில கிடக்கு” என்று பாஸ்டர் ரொபின்சன் சற்று முன் காதோடு சொன்னது இன்னும் சுடுகிறது. முன்வரிசையில் இருக்கும் அந்த ஐயாவை அவள் இன்றுதான் பார்க்கிறாள். மூன்றாம் வரிசையில் அம்மா அகஸ்ரினா வேதாகமத்தை மடியில் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். போர் முடிந்து மீள்குடியேறி இரண்டு மாரிமழை போயும் அவளுக்குத் தறப்பாள்தான் கூரை. ஒலிவாங்கி கீச்சிடுகிறது.

“குப்பி விளக்கில படிச்சனான். கர்த்தர் பெலன் தந்தவர். இந்த ஐயாவை எனக்குத் தெரியாது. அல்லேலூயா.”

சாட்சி முடிந்தால் சபை ஆமென் சொல்ல வேண்டும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மேளக்காரர் தூக்கிய குச்சி அந்தரத்தில் நிற்கிறது. பாஸ்டரின் சிரிப்பு முகத்திலேயே காய்கிறது. வேட்பாளர் லேஞ்சியால் கழுத்தைத் துடைக்கிறார். அவருக்குப் பின்னால் நிற்கும் தடித்தவன் சபையைத் திரும்பிப் பார்த்து, “ஆற்ற பிள்ளை இது?” என்று கேட்கிறான்.

மூன்றாம் வரிசையில் ஒரு கதிரை சீமெந்தில் உரசி நகர்கிறது. அம்மா எழுந்து நிற்கிறாள்.

“என்ர பிள்ளை” என்கிறாள். பிறகு, சபை முழுக்கக் கேட்க, “ஆமென்.”