முதல் தடவையிலேயே

"அண்ணே, ஒரு தாளும் பென்சிலும் கிடைக்குமா?"

பாலன் நிமிர்ந்து பார்த்தான். கம்ப்யூட்டரை இயக்கி, சீதாலெட்சுமியை அதன் முன்னால் உட்கார வைத்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. அவள் இன்னும் ஓர் எழுத்தைக்கூடத் தட்டவில்லை.

தாளும் பென்சிலும் எடுத்துக் கொடுத்தான்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். முதலாளி முத்துக்கருப்பன், பாலன், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மோடம். மொத்தக் கம்பெனியும் அவ்வளவுதான். 1997-இல் இணையப் பக்கம் செய்து கொடுக்கும் தொழில் என்றால் கீழே இருந்த கடைக்காரருக்கே புரியவில்லை. ஆனாலும் வேலை குவிந்துவிட்டது. பாலனால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை.

தமிழ்ப் பத்திரிகையில் ஆள் தேவை என்று விளம்பரம் கொடுத்தார்கள். பாலன் அதில் எட்டு வரி கம்ப்யூட்டர் நிரல் அச்சிட்டு, இதில் உள்ள தவறு என்ன என்று கேட்டிருந்தான். சரியான பதில் இரண்டு பேரிடமிருந்துதான் வந்தது. ஒருவன் விஜயன், செராஸ்காரன், கம்ப்யூட்டரில் டிப்ளோமா வாங்கியவன். இன்னொருத்தி தெலுக் பங்லிமா காராங்கில் மின்கம்பித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் சீதாலெட்சுமி. தவறு ஒன்றல்ல, இரண்டு என்று அவள் எழுதியிருந்தாள். பாலன் விளம்பரத்தை எடுத்துப் பார்த்தான். இரண்டாவது தவறு அவன் தெரியாமல் செய்தது.

இருவரையும் ஒரே நாளில் பரீட்சைக்கு வரச் சொன்னார்கள். எங்கே கற்றுக்கொண்டாள் என்று சீதாலெட்சுமியிடம் முதலாளி விசாரித்தார். கிள்ளானில் டைப்ரைட்டர் வகுப்புக்குப் போனதாகவும், அந்தப் பக்கத்து நூலகத்தில் கிடைத்த ஒரு புத்தகத்தை போட்டோஸ்டாட் எடுத்துப் படித்ததாகவும் சொன்னாள். பாலனுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. அவனும் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டவன்தான்.

பரீட்சை இதுதான். கிள்ளானில் ஒரு புடவைக் கடையின் சரக்குப் பட்டியலை ஒரு மணி நேரத்தில் இணையப் பக்கமாக்க வேண்டும். அட்டவணைக்குள் அட்டவணை வரும். அதைத்தான் பாலனே வெறுத்தான். அட்டவணையை மூடும் ஒரு முடிவுக் குறி விட்டுப்போனால் போதும், திரையில் எதுவுமே வராது. வெறும் சாம்பல் நிறம்தான் தெரியும். எந்த இடத்தில் தவறு என்று கம்ப்யூட்டர் சொல்லவும் செய்யாது. எழுதுவான், திறந்து பார்ப்பான், திருத்துவான், மறுபடி திறந்து பார்ப்பான். ஒரு பக்கம் ஒழுங்காக நிற்பதற்குள் ஐம்பது தடவையாவது பார்த்துவிடுவான்.

பக்கத்துக் கம்ப்யூட்டரில் விஜயன் நாற்பத்தைந்து நிமிடத்தில் முடித்துவிட்டான். நான்காவது தடவை திறந்தபோது பக்கம் சரியாக வந்தது. கெட்டிக்காரன்தான் என்று பாலன் மனதுக்குள் பாராட்டினான்.

அப்போதும் சீதாலெட்சுமி தாளில் எழுதிக்கொண்டுதான் இருந்தாள்.

முத்துக்கருப்பன் பாலனைத் தனியே கூப்பிட்டு, அந்தப் பையனையே எடுத்துக்கொள்ளலாம், இவளை எதற்குக் காக்க வைப்பது என்றார். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள், நேரம் முடியட்டும் என்றான் பாலன்.

கடைசிப் பத்து நிமிடத்தில் அவள் தட்ட ஆரம்பித்தாள். தாளைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. விரல்கள் கல்லில் செதுக்குவதுபோல அழுத்தமாக விழுந்தன. ஒவ்வொரு வரி முடிவிலும் இடது கை மேலே எழும்பி, எதையோ தேடி, பிறகு இறங்கியது. பயத்தில் சிலருக்கு இப்படி வரும் என்று பாலன் நினைத்துக்கொண்டான்.

தட்டி முடித்துக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"திறந்து பார்க்கலையா? இன்னும் ரெண்டு நிமிசம் இருக்கு," என்றான் பாலன்.

"நீங்களே திறங்கண்ணே."

இவ்வளவு தன்னம்பிக்கையா என்று அவனுக்குச் சற்று எரிச்சல்கூட வந்தது. அவள் அடித்ததைச் சேமித்துவிட்டுத் திறந்தான்.

பக்கம் வந்தது. மூன்று பத்தி, பதினெட்டுப் பெட்டி, அதற்குள் இன்னோர் அட்டவணை. ஒரு கோடுகூட விலகவில்லை. பாலன் நிரலுக்குள் போய் வரிவரியாகத் தேடினான். திருத்த ஓர் இடம் இல்லை. மூன்று வருடத்தில் ஒரு பக்கம்கூட அவனுக்கு இப்படி எடுத்த எடுப்பில் வந்ததில்லை.

"பாஸ், இங்க வந்து பாருங்க," என்றான். குரல் அவனுக்கே வேறு மாதிரி கேட்டது.

விஜயனும் எழுந்து வந்து பார்த்தான். இது தன்னால் முடியாது என்று அவனே சொன்னான்.

சீதாலெட்சுமி எதையும் கவனிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையில் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முத்துக்கருப்பன் தொண்டையைச் செருமினார். "திங்கக்கெழமை வந்து சேர்ந்திரும்மா. வீட்டுல என்ன கம்ப்யூட்டர் வச்சிருக்கே? அவசர வேலைன்னா அங்கேயே செஞ்சிரலாம்லா."

"வீட்டுல கம்ப்யூட்டர் இல்ல சார்," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டு வருசமா நோட்டுலதான் எழுதிக்கிட்டு இருக்கேன். நான் எழுதுறது தெரையில எப்படி வரும்னு இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."