கேளாமல் சேர்த்தது

"முழங்கால் நோவுக்கு எண்ணெய் தேடினது போன்ல ஒரே ஒரு இடத்தில. இப்ப எங்க தொட்டாலும் எண்ணெய் விளம்பரம்! இவனுகளுக்கு ஆர் சொன்ன?"

அஸர் தொழுதுவிட்டு எழும்பி வந்த உம்மு குல்சூமுக்குப் பொல்லாத கோபம். மதுரங்குளியில் வாழ்க்கைப்பட்ட மகள் அஸ்ரியா அன்று வந்திருந்தாள்.

"எல்லாம் ஒரே கம்பனிதானே உம்மா. இதில பார்த்தது, அதில கதைச்சது எல்லாத்தையும் ஒண்டாச் சேர்த்திடுவாங்க. ஆக்களைக் கேக்காம அப்படிச் சேர்க்கேலாது எண்டு வெளிநாட்டு அதிகாரிகள் மறிச்சிருக்காங்க. வழக்கும் நடக்குது."

"நல்லா வேணும்! அடுத்த மனிசர்ட விசயத்த அங்க கொஞ்சம் இங்க கொஞ்சம் அள்ளுறது என்ன பழக்கம்? அல்லாஹ்வுக்கே பொருந்தாது."

அஸ்ரியா தேத்தண்ணியைக் கீழே வைத்தாள்.

"அது கிடக்கட்டும். நானாக்குக் கலியாணம் பேசின என்ட கூட்டாளி ஃபஸ்னாவ ஏன் வேணாமெண்டீங்க? அவர் முகங்குடுத்துக் கதைக்கிறாரில்ல."

உம்மு குல்சூமின் குரல் தணிந்தது.

"என்ட மகனுக்கு அவளக் கட்டிவைக்க எனக்கு மட்டும் ஆசையில்லையா மகள்? தங்கமான புள்ள. ஆனா அவளுக்கு மனநோய். மாசா மாசம் அதுக்குரிய மருந்துக் குளிசை வாங்குறாளாம், பாமசி அத்தாஉல்லா வாய்தவறிச் சொன்னார். புத்தளம் ஆஸ்பத்திரியடியில இறங்குறாளெண்டு பஸ் கொண்டக்டர் சொன்னான். மனநோய் கிளினிக் வாசல்ல குந்தியிருந்தத பக்கத்து வீட்டு றைஸா கண்டிருக்கா. எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தன். வேறென்ன?"

"அவளிட்டக் கேட்டீங்களா?"

"அத எப்படிக் கேக்கிற? காரணத்தச் சொல்லித்தான் அவள்ட உம்மாட்ட வேணாமெண்டன். அது எப்படியோ ஊருக்கும் போயிட்டு. இப்ப அவளப் பொண் பார்க்க ஒருத்தரும் வாறதில்லையாம். பாவம், ஒவ்வொரு தொழுகையிலயும் அவள்ட சுகத்துக்கு துஆக் கேக்கிறன்."

"நீங்க சொல்லக்குள்ள ஃபஸ்னா இருந்தாளா?"

"இருந்தாள். தலையக் குனிஞ்சிட்டாள். பொய்யெண்டா வாயத் திறந்திருப்பாளே!"

அஸ்ரியா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"என்ன மகள்? என்ன?"

"அவள் திறக்கமாட்டாள் உம்மா. அந்தக் குளிசை எனக்கு. அவள் வாசல்ல குந்தியிருக்கக்குள்ள உள்ள டொக்டரோட இருந்தது நான். மாமி வீட்டுக்குத் தெரிஞ்சா என்ட வாழ்க்கை போயிடுமெண்டு, ஆருக்கும் சொல்லமாட்டனெண்டு நான்தான் அவளிட்டச் சத்தியம் வாங்கினன்."