நாற்பத்தோராவது சைக்கிள்

மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு. 41 என்று எழுதிவிட்டேன். சரியான எண் 40.

ஷைனி தன் வகுப்பு நோட்டில் அந்த வரியை மறுபடி படித்தாள். 'சிறு' என்பதை அடித்தாள். பிறகு அதையே மேலே எழுதினாள்.

கும்மிடிப்பூண்டியில் சைக்கிள் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவளுக்குப் பகலில் பேக்கிங் வேலை. மாலையில் கவரைப்பேட்டையில் டிப்ளமோ வகுப்பு. வகுப்புக்கு அவள் எடுத்துக்கொண்ட கேள்வி: சும்மா வேலைக்குப் போய்வரச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் தானாக மாறும் கியர் வேண்டுமா?

கேன்டீனில் ஐம்பது பேரைக் கேட்டாள். நாற்பத்தாறு பேர் வேண்டும் என்றார்கள்.

"தானா கியர் மாறி இன்னா ஆவப்போவுது? தானா மெதிக்கிற வண்டி வந்தா சொல்லுடி, ரெண்டா வாங்கிக்கிறேன்" என்றாள் பேக்கிங் திலகவதி அக்கா. மேசையே சிரித்தது. ஷைனி அதை 'வேண்டாம்' என்று குறித்துக்கொண்டாள். சரியா என்று தெரியவில்லை.

வாயைக் கேட்காதே, கையைப் பார் என்றார் வகுப்பு எடுக்கும் தணிகைவேல் சார்.

அதனால் இன்று ஷிப்ட் முடிந்ததும் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனாள். இரண்டு வருடம் முன்பு தீபாவளிக்குக் கம்பெனி கொடுத்த ஏழு கியர் சைக்கிள்கள் அங்கே வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் கியர் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று எழுதினாள்.

நான்கு. நான்கு. நான்கு. ஏழு. நான்கு.

பல வண்டிகளில் கியர் துருப்பிடித்து இறுகியிருந்தது. கம்பெனியில் மாட்டிக் கொடுத்த எண்ணை யாரும் தொடவே இல்லை. தானாக மாறுவது இருக்கட்டும், மாற்றவே யாருக்கும் தோன்றவில்லை.

கடைசித் தூணோரம் ஒரு சைக்கிள். சீட்டில் விரல் பட்டால் கோடு விழும் அளவுக்குத் தூசி. அதன் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'புதன்கிழமைக்குள் எடுக்காவிட்டால் அகற்றப்படும்.'

குனிந்து பார்த்தாள். ஒன்று.

'1' என்று எழுதினாள். மொத்தம் 41 என்று கூட்டினாள்.

வாட்ச்மேன் பச்சையப்பன் அருகில் வந்து நின்றார். அவள் எழுதியதை எட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அத்தயும் எண்ணிக்கினியாம்மா? ஓட்றவங்க கணக்குதான கேட்டாங்க. அப்பா வண்டிய இன்னிக்காவது எட்த்துக்கினு போம்மா. நாளிக்கி சாயங்காலம் வந்துட்டா, என் கையில இல்ல."

ஷைனி தலையாட்டினாள். 41ஐ அடித்து 40 ஆக்கினாள். எடுத்துக்கொண்டு போகவில்லை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

ஜனவரியில் ஒரு காலை அப்பா தேசப்பன் அந்தச் சைக்கிளை அங்கே நிறுத்திவிட்டு உள்ளே போனார். எட்டரைக்கு மெஷின் அருகில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. முன்பே நெஞ்சு வலித்ததா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். இல்லை என்றாள் ஷைனி. அவர் சொன்னதில்லை.

சைக்கிள் வந்த அன்று அவர் சொன்னது மட்டும் அவளுக்கு நினைவிருந்தது.

"நம்ம ஊர்ல மேடுன்னா ரயில்வே பிரிட்ஜு ஒண்ணுதான். அத்த ஏற ஏழு கியரா? நாலுலயே ஏறுவான் உங்கப்பன்."

ஒன்று என்பது மிக லேசான கியர். மூச்சு வாங்குகிறவர்கள் போடுவது.

பாலத்தில் ஏறும்போது போட்டிருக்கிறார். இறங்கிய பிறகும் மாற்றவில்லை. தானாக மாறும் கியராக இருந்திருந்தால், சமதரையில் அதுவே நான்குக்குப் போயிருக்கும்; அவளுக்குத் தெரிந்தே இருக்காது.

ஷைனி பேனாவை மூடினாள். மறுபடி திறந்தாள்.

நாளைய வேலை: காலை ஷிப்டுக்கு முன் அப்பாவின் சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவருவது. தள்ளிக்கொண்டே வர வேண்டும். கியரைத் தொடக்கூடாது.